தினம் ஒரு வாளி

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிற மனுக்களில் பாதிக்கு மேல் வஞ்சுளவல்லியின் விரல் பட்டுத்தான் போகும். வாதி, பிரதிவாதி, எல்லை சொல்லும் செக்குபந்தி, சொத்து விவரம் என்று எதைக் கொடுத்தாலும் கடகடவென்று அடித்துத் தள்ளிவிடுவாள். வக்கீல் குமாஸ்தாக்களின் கோழிக்கிறுக்கலை எழுதினவராலேயே திரும்பப் படிக்க முடியாது, இவள் படிப்பாள். படித்துவிட்டு, "மூணாவது பாராவுல செத்துப்போனவரு அஞ்சாவது பாராவுல வந்து கையெழுத்துப் போடுதாரே, இதை உங்க வக்கீலு பாத்தாரா?" என்று கேட்கவும் செய்வாள். வாய் கொஞ்சம் நீளம்தான். வேலை சுத்தமாக இருந்ததால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

வயது நாற்பத்து நான்கு. பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச அந்தத் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள், நாம் வேறு எதற்கு.

அவள் கணவர் வரதராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். விடிகாலை முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். இவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அதுவும் பாதி நாள் வெறும் "ம்" தான். பேசாத மனிதர்களுக்கு வேறு எதிலாவது பேச்சு வரும். அவருக்கு மஞ்சள் பெயிண்டில் வந்தது. மில்லில் எந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினாலும், அடுத்துப் பார்க்க வருகிறவனுக்குத் தெரிவதற்காக அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் தேதி எழுதிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்சி, சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார் என்று அவர் கை பட்ட எல்லாவற்றிலும் மஞ்சளில் ஒரு தேதி இருக்கும். ஏழு எழுதும்போது மட்டும் அதன் நடுவில் ஒரு சின்னக் கோடு இழுப்பார்.

"என்னையக் கட்டுன தேதிய எங்க எழுதி வச்சிருக்கீக, முதுகுலயா?" என்பாள் வல்லி. அவர் சிரித்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைப்பார். அவ்வளவுதான் பதில்.

மில்லிலிருந்து வந்த இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டின் பக்கவாட்டில் சின்ன மண் முற்றம். அதன் மூலையில் ஒரு பலகைக்கல். தினமும் காலையில் குளித்து முடித்ததும், ஈரத்துண்டோடு போய் அந்தக் கல்லை நகர்த்தி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சட்டையைப் போடுவார். "எர்த்துக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று மாட்டுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட அந்த வாளி தப்பாது. "குடிக்கத் தண்ணியக் காணோம், இவிய மண்ணுக்கு ஊத்துதாக" என்று வல்லி அடுப்படியிலிருந்து முனகுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடுமே என்றுதான் அவளுக்குக் கோபம்.

கம்ப்யூட்டர் வந்த கதை இப்படி. எட்டு வருஷத்துக்கு முன்னால் வல்லி ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்த ஜூனியர் ஒருவன், அவளுக்குப் பிள்ளை இல்லாததை வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அடித்துக்கொண்டிருந்த மனுவை அப்படியே பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்ன நடந்தது என்று சொல்லி அழுதபோது வரதராஜ் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த மாதம் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு கேபினட்டை மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"வெறும் டப்பாவ எதுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீக?"

"ஒவ்வொண்ணா வரும். பொறு."

வந்தது. ஒரு மாதம் கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ், ஒரு மாதம் போர்டு, பிறகு ப்ராசசர், ரேம், ஹார்ட் டிஸ்க். ஏழு மாதம். ஒவ்வொன்றையும் மாட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் மஞ்சள் தேதி. செல்போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஸ்குரூவை முடுக்குவார். மோட்டார் கட்டின கைக்கு அந்தச் சின்ன ஸ்குரூக்கள் பிடிபடாமல் கீழே விழும். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடுவார்கள். ஏழாம் மாதம் திரை வெளிச்சமானபோது அவளை உட்காரவிடாமல் தானே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி 'வஞ்சுளவல்லி' என்று அடித்தார். நான்கு நிமிஷம் ஆயிற்று. ஒரு பிழை இருந்தது. அவள் அதைத் திருத்தவே இல்லை.

அன்றிலிருந்து அவள் யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை. குமாஸ்தாக்கள் வீடு தேடி வந்தார்கள்.

போன தை மாதம் கடைசி வாரம். வழக்கம்போலக் குளித்தார், வாளியை ஊற்றினார், சட்டையைக் கையில் எடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சப் பிடிக்கிற மாதிரி இருக்கு வல்லி. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "பஸ்ஸு போயிராதா?" என்று கேட்டாள்.

ஆட்டோ தெருமுனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு, கடைசியாகச் சொன்னது பஸ் போய்விடும் என்பதா? அதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

மறுநாள் பக்கவாட்டு முற்றத்தில் பெஞ்சைப் போட்டு அவரைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீர் மண்ணில் ஓடி மூலையில் போய்த் தேங்கியது. எல்லோரும் போனபிறகு அந்த முற்றம் சேறாகக் கிடந்தது. காய்ந்த பிறகும் தண்ணீர் ஓடின தடம் அப்படியே தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் அதுதான். சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

கொத்தனார் மூலையைக் காட்டி, "இங்ஙன ஒரு பலகைக்கல்லு கிடக்கே தாயி, எடுத்துரவா?" என்று கேட்டார்.

"ஒண்ணையும் எடுக்காதீக. எல்லாத்தையும் மூடிருங்க."

சிமெண்ட் வழவழவென்று காய்ந்தது. அன்றைக்குத்தான் அவள் ஜன்னலைத் திறந்தாள்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. ஒரு பாகப்பிரிவினை வழக்குக்குப் பதினோராவது பக்கம் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை நீலமாகி, சிஸ்டம் தானாக அணைந்து, தானாக எழுந்தது. பதினோரு பக்கமும் போய்விட்டது. மறுநாள் இரண்டு தடவை. அதற்கடுத்த வாரம் மணிக்கு ஒரு தடவை. ஒரு வரி அடிப்பாள், சேமிப்பாள். அடுத்த வரி அடிப்பாள், சேமிப்பாள். பல்லில்லாதவர் முறுக்கைக் கடிக்கிற கதையாக வேலை நகர்ந்தது.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள், "பழைய சாமானோட ஏன் மல்லுக்கட்டுத? ஒரு லேப்டாப்ப வாங்கிப் போட வேண்டியதுதான?" என்றாள்.

"நீங்க உங்க வேலயப் பாருங்க ஆச்சி" என்றாள் வல்லி. கதவைச் சாத்திவிட்டு அழுதாள். லேப்டாப் வாங்க முடியாமல் இல்லை. அவர் செய்தது என்று இந்த வீட்டில் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதையும் சாகவிட்டுவிட்டு அவள் எப்படி இருப்பது?

கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆல்வின் என்று ஒருவர் கடை வைத்திருந்தார். வரதராஜ் அங்கேதான் பாதி சாமான் வாங்கியிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பொய் சொல்லத் தெரியாத ஆள். வியாபாரிக்கு அது ஒரு குறை. இரண்டு நாள் கடையில் ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் போனில், "அக்கா, ஒரு கோளாறும் இல்ல. மாப்பிள்ள மாதிரி ஓடுது. வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினாள். ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை படுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் நேரிலேயே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கேபினட்டில் கை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னக்கா, லேசா ஷாக் அடிக்குதே?"

அடிக்கிறது என்று அவளுக்கும் தெரியும். பங்குனியில் ஒரு நாள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தபோது முழங்கை பட்டுச் சுள்ளென்றது. இழுத்துக்கொண்டவள், கொஞ்ச நேரம் கழித்து வேண்டுமென்றே மறுபடி விரலை வைத்தாள். மறுபடி சுள்ளென்றது. யாரோ உள்ளே இருந்து தொட்டதுபோல இருந்தது. பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். ஆனாலும் அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை விரலை வைத்துப் பார்க்காமல் அவள் விளக்கை அணைத்ததில்லை. இதையெல்லாம் ஆல்வினிடம் சொல்ல முடியுமா?

"அது கொஞ்சம் அப்படித்தான்" என்றாள்.

"செருப்பு போட்டுட்டு உக்காருங்க அக்கா. பொறவு, வீட்டு லைன்ல எர்த்து சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துருவமா? கடையில நல்லா ஓடிட்டு இங்க வந்து நிக்குதுன்னா..."

அவ்வளவுதான். வல்லிக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆங்காரம்.

"ஏன், அவிய போட்ட வயரிங்ல கோளாறு கண்டுபிடிச்சிட்டியோ? இருபத்திரெண்டு வருசம் மில்லுல எலக்ட்ரீஷியனா இருந்த மனுசன். எர்த்து இல்லாம வீட்டுக்கு லைன் இழுப்பாகளா? அவிய இருந்தவரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஃபீஸு போனது கிடையாது. சுவத்துல ஒரு ஸ்குரூவ நீ தொடக்கூடாது. பெட்டியப் பாக்க வந்தியா, பெட்டிய மட்டும் பாரு."

ஆல்வின் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் விட்டிருக்கக் கூடாது என்று நமக்குத் தோன்றலாம். புருஷன் போய் மூன்று மாதம் ஆகாத பெண்ணிடம் நின்று வாதாட யாருக்கு மனசு வரும்?

சித்திரையில் ரேமை மாற்றினார். மூன்று நாள் நன்றாக ஓடியது, நான்காம் நாள் நின்றது. வைகாசியில் எஸ்எம்பிஎஸ். ஒரு வாரம் ஓடியது. ஆனியில் ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு தடவையும் சில நாள் ஒழுங்காக ஓடிக்காட்டி, இதுதான் கோளாறு போலிருக்கிறது என்று நம்ப வைத்துவிட்டு மறுபடி படுத்தது. கழற்றின சாமானை ஆல்வின் கடைக்கு எடுத்துப் போனார். பழையதைக் கொடுத்துப் புதியதை எடுப்பது அங்கே வழக்கம். எடுத்துப் போகுமுன் வல்லி அந்த மஞ்சள் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். சர்க்கரை வியாதிக்காரருக்கு விரலை எடுப்பதில்லையா, ஆள் பிழைத்தால் போதாதா என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

அவர் விட்டுப்போன ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பெருமாள் படம் மாட்டியிருக்கிற அறையில் செருப்போடு இருப்பது அவளுக்கே பொறுக்கவில்லை. தினமும் காலையில் படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள். செருப்பு வந்தபிறகு சுள்ளென்று எதுவும் தொடவில்லை. அப்படி ஒன்று இருந்ததே மெல்ல மெல்ல மறந்துவிட்டது.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் ஆல்வின் போர்டை மாற்ற வந்தார். ஊரே தேரடியில் இருந்தது; நாதஸ்வரச் சத்தம் வீட்டுக்குள்ளே கேட்டது. போர்டைத் தூக்கியபோது அதன் ஓரத்தில் மஞ்சளில் இருபத்தேழு, ஏழு. இரண்டு ஏழிலும் அந்தச் சின்னக் கோடு. வல்லி கட்டை விரலால் அதைத் தடவினாள்.

"இத நானே வச்சுக்கிடட்டா தம்பி?"

"செத்துப்போன போர்டுக்கா. வச்சு என்ன செய்யப் போறீக?"

செத்துப்போனதை வீட்டில் வைத்திருக்கக் கூடாதுதான். அவள் கொடுத்துவிட்டாள். ப்ராசசரும் அதோடு போயிற்று. கதவு வரைக்கும் போன ஆல்வினைத் திரும்பக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். நீளமான அந்த வாய் பேசியிருக்க வேண்டிய ஒரே நேரம் அதுதான்.

புதுப் போர்டு, புது ப்ராசசர், புது ரேம், புது டிஸ்க், புது எஸ்எம்பிஎஸ். ஆவணி இரண்டாம் வாரம் மறுபடி நீலத்திரை. வல்லி போனில் சொன்னபோது ஆல்வின் அதுவரை மாற்றின சாமானை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணினார். பிறகு, "இனிமே மாத்த ஒண்ணுமில்லக்கா. தகர டப்பா மட்டுந்தான் பழசு" என்றார்.

புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், மில்லிலிருந்து கருத்தப்பாண்டி வந்தார். வரதராஜோடு அதே பிரிவில் வயர்மேனாக இருப்பவர். பூஜைக்காக டூல்ஸையெல்லாம் துடைத்து வைக்கையில் அண்ணனுடைய பை அலமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு டெஸ்டர், கட்டிங் பிளேயர், சின்ன மஞ்சள் பெயிண்ட் டப்பா. பெயிண்ட் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. வல்லி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கருத்தப்பாண்டி சும்மா இருக்க முடியாமல் எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனார். "அண்ணன் செஞ்சதுல்லா மதினி இது. மில்லுல வந்து எம்புட்டுப் பெருமையாச் சொல்லுவாக தெரியுமா?" என்று கேபினட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெறுங்கால். "யம்மா!" என்று துள்ளினார்.

"அது கொஞ்சம் அப்படித்தான் தம்பி."

"என்ன மதினி அப்படித்தான்? அண்ணன் வீட்டுல எர்த்து இல்லாமலா?"

அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வண்டியிலிருந்து டெஸ்ட் லேம்பை எடுத்துவந்தார். இரண்டு வயர் கோத்த ஒரு ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு. பிளக் பாயிண்டில் கீழே இருக்கிற இரண்டு ஓட்டையிலும் வயரை வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து மேலே இருக்கிற பெரிய ஓட்டையில், எர்த்தில், வைத்தார். பல்பு எரியவில்லை.

"எரியணும் மதினி. எர்த்து இருந்தா இதுலயும் அப்படியே எரியணும். பெட்டில கசியுற கரண்டு பூமிக்குப் போகாம பெட்டியிலயே நிக்குது. அதான் கை வச்சா அடிக்குது. இப்படி இருந்தா சிஸ்டமும் நின்னு நின்னுதான் எந்திரிக்கும்." அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "எர்த்துக் குழி எங்க இருக்கு? மண்ணு காஞ்சா கரண்டு உள்ள இறங்காது. அண்ணன் தினம் தண்ணி ஊத்துவாகளே? மில்லுலயும் அவிய ஷிப்டுல ஒரு குழி காஞ்சு கிடக்காது."

வல்லி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். வழவழவென்று காய்ந்த சிமெண்ட்டைக் காட்டினாள்.

இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. என்றைக்கோ ஒரு காலை, அவசரமாக ஒரு கிரயப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தபோது, ஈரத்துண்டோடு அறை வாசலில் நின்று அவர் சொன்னார்: "இதுக்குத் தாகம் எடுத்துச்சுன்னா மொதல்ல படுக்குறது ஒன் சிஸ்டந்தான் வல்லி." அவளுக்கு வாதியின் தகப்பனார் பெயரில் கவனம். பதிலுக்கு அவள்தான் அன்று "ம்" என்றாள்.

கருத்தப்பாண்டி கடப்பாரையோடு நின்று, "உடைக்கட்டா மதினி?" என்று கேட்டார்.

எதைப் பார்க்கக் கூடாது என்று மூடினாளோ, அதை அவள் முன்னாலேயே அவர் உடைத்தார். சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் மண் சுண்ணாம்புபோல உலர்ந்து கிடந்தது. பலகைக்கல்லைப் புரட்டினார். அதன் உள்பக்கத்தில், மில்லில் குழிகளுக்குப் பலகை எழுதி வைப்பதுபோல, மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது.

எர்த் குழி 1. பார்த்தது 17-1. தினம் ஒரு வாளி.

ஏழுக்கு நடுவில் கோடு. அடுத்துப் பார்க்க வருகிறவனுக்குத் தெரிய.

வல்லி அந்தக் கல்லின் பக்கத்தில், பெயர்ந்த சிமெண்ட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் வயரிங்கை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று காவல் நின்றவள், அவர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் தானே எடுத்துத் தெருவுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்றிலும் கோளாறு இல்லை. கேட்டதெல்லாம் ஒரு வாளி தண்ணீர். அதற்கும் வாயில்லை, அவரைப் போலவே. "ஏங்க, நான் என்ன காரியம் செஞ்சிட்டேன்" என்று அவள் வாய்விட்டு அழுதபோது, சுவருக்கு அந்தப் பக்கம் குருவம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அடுப்படியிலிருந்து கல் உப்பு வந்தது. மண்ணில் ஈரம் தங்குவதற்காகக் கருத்தப்பாண்டி அதைக் குழியில் கொட்டி, தண்ணீர் ஊற்றினார். மண் சத்தத்தோடு குடித்தது. மூன்றாவது வாளியில் பல்பு மங்கலாக எரிந்தது. மறுநாள் காலையில் முழுசாக எரிந்தது.

பூஜை விடுமுறை முடிந்ததும் வல்லி ராஜபாளையம் போனாள். ஆல்வின் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு கடையில் இருந்த சாக்கு மூட்டைகள் எல்லாவற்றையும் அவள் கண்முன்னாலேயே கொட்டித் தேடினார். போர்டும் ப்ராசசரும் ஆவணியிலேயே பழைய சாமான் வண்டியில் மதுரைக்குப் போய்விட்டன. எஸ்எம்பிஎஸ் எந்தப் பெட்டியில் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. டிஸ்க்கும் இல்லை.

"ரேமு மட்டும் எங்க இருக்குன்னு தெரியும்க்கா. தளவாய்புரத்துல ஒரு நைட்டிக் கம்பெனி சிஸ்டத்துல போட்டேன். கேட்டு வாங்கித் தரட்டா?"

"அங்க எப்படி ஓடுது?"

ஆல்வின் தரையைப் பார்த்தார். "நல்லா ஓடுதுக்கா. போட்டதுலருந்து ஒரு கம்ப்ளெய்ண்ட் இல்ல."

"அப்ப இருக்கட்டும்" என்றாள் வல்லி. "ஓடுறத எதுக்குக் கழட்டணும்." பஸ்ஸில் திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது.

இப்போது தினமும் முதல் பஸ் ஹாரன் அடிக்கிற நேரத்தில் அவள் எழுந்து குளிக்கிறாள். ஈரத்தலையோடு பக்கவாட்டுக்குப் போய்க் கல்லை நகர்த்தி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறாள். அவர் கடைசியாக ஊற்றினதற்குப் பிறகு இந்தக் குழி எட்டு மாதத்தில் குடித்தது அவர் மேல் ஊற்றின தண்ணீரை மட்டும்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றுகிறாள்.

மனுக்கள் நிற்காமல் போகின்றன. குமாஸ்தாக்களுக்குச் சந்தோஷம். சிஸ்டம் ஒரு தடவைகூட அணைவதில்லை; ஒரு தடவை அணைந்தால்கூடத் தேவலை என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். வேலை முடிந்ததும் அந்த ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, கேபினட்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பாள். சுள்ளென்று ஒன்றும் தொடாது. வெறும் தகரம்.